எட்டு

போன புதன்கிழமை விழுந்த இடியில்
பள்ளியின் சுவிட்ச் கருகிப்போனது.
விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை, சார்,
கணினிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் பெட்டி
என்று மூன்று முறை சொன்னேன்.
மூன்றாம் முறை தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டார்.

உடற்கல்வி ஆசிரியை நான்.
கணினி அறையைப் பார்த்துக்கொண்டவர்
ரவூப்புக்கு மாற்றலாகிப் போனதும்
சாவி வந்து என் விசில் கயிற்றில் தொங்கியது.
என் தகுதி:
நாற்காலி போடாமலே எனக்கு மேல்தட்டு எட்டும்.

சனிக்கிழமைப் பயிலரங்குக்கு
கல்வி இலாகாவிலிருந்து அஸ்ருல் வந்தார்,
ஒரு பெட்டிக் கேபிளும் ஒரு கடிக்கும் குறடுமாக.
சாம்பல் தோலை உரித்தால் உள்ளே எட்டுக் கம்பி,
இரண்டிரண்டாய் முறுக்கிக்கொண்டு.
பிரித்து, நீவி, வரிசையில் நிறுத்த வேண்டும்:

வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு,
வெள்ளைப் பச்சை, நீலம்,
வெள்ளை நீலம், பச்சை,
வெள்ளைப் பழுப்பு, பழுப்பு.

ஏழாம் வாய்ப்பாட்டை விடச் சுலபம்தான்.
பச்சை ஜோடியைப் பிரித்து
நீலத்தை ஏன் நடுவில் உட்கார வைத்தார்கள்
என்று கேட்டார் மங்களேஸ்வரி டீச்சர்,
வகுப்பில் பேசுகிற இருவரை
இருபது வருடமாகப் பிரித்து உட்கார வைப்பவர்.
'ஸ்டாண்டர்ட் அப்படி, சிக்கு' என்றார் அஸ்ருல்.
மலாயில் அது மரியாதை.
தமிழில் அதன் பொருள்
அப்போது என் விரல்களுக்கு நடுவே இருந்தது.

ஏழாம் எண் கணினி மட்டும்
மூன்று முறை நீளமாய்க் கூவிவிட்டுத்
திரையை இருட்டாக வைத்துக்கொண்டது.
மூடியைக் கழற்றி
நினைவகப் பட்டையை உருவினார் அஸ்ருல்.
ரப்பர் இருக்கா என்று கேட்டார்.
நான்காம் ஆண்டு மேசையடியில் பாதி கிடந்தது,
ஒரு முனையில் பேனாவால் தர்ஷிகன் என்று எழுதி.
அதன் பொன் பற்களைத் தேய்த்துத் துடைத்துத்
திரும்பச் செருகினார்.
அழிக்க மட்டுமே தெரியும் என்று நாங்கள் நினைத்திருந்த ஒன்று
நினைவைத் திருப்பிக் கொடுத்தது.

பன்னிரண்டு மணிக்கு அடுத்த பள்ளிக்குக் கிளம்பினார்.
கேபிள் பெட்டியும் அவரோடு போனது.

சுவர் முனையிலிருந்து ஏழாம் எண் வரை
அளந்து வெட்டிய ஒரே துண்டு என் கையில்.
சோதனைப் பெட்டியில் மாட்டினேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
நான்கு எரியவில்லை.
ஐந்து.
நீலம் உள்ளே போகாமல் நின்றிருக்கிறது.
தலையை வெட்டி எறிந்தேன். ஓர் அங்குலம் போயிற்று.
இரண்டாம் முறை பழுப்பும் வெள்ளைப் பழுப்பும் இடம் மாறின.
மூன்றாம் முறை மறுபடியும் நீலம்.
வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லாரி போனது,
ஜன்னல் கண்ணாடி நடுங்கியது.
மங்களேஸ்வரி டீச்சர் கைப்பேசி விளக்கைப் பிடித்தபடி
நிறங்களை வருகைப் பதிவு மாதிரி வாசித்தார்.

நான்காம் முறை
ஒன்றிலிருந்து எட்டு வரை
பச்சைப் புள்ளி தடுக்காமல் நடந்து போனது.

கொண்டுபோய் மாட்டப் பார்த்தால்
நாலு விரல் குறைந்தது.
எட்டும் சரி. எட்டவில்லை.
வேறு கேபிளுக்குக் கோலசிலாங்கூர் போக வேண்டும்,
கடை ஒரு மணி வரைதான்.

மூன்று பேர் சேர்ந்து மேசையைத் தள்ளினோம்.
தரையில் நான்கு கால்களின் பழைய சதுரம்
தூசி படாமல் வெளுத்துக் கிடந்தது.
கோணலாய் நின்ற மேசையில்
முனை 'டிக்' என்று உட்கார்ந்தது.

இனி ஆள் இருக்கிறாரா என்று கூப்பிட வேண்டும்.
பெயர் கிடையாது, புள்ளி வைத்த எண்கள்தான்.
தட்டினேன்.
பதில் வந்தது. நான்கு தரம், நான்கு வரியில்.
'வந்தேன் டீச்சர்' என்றார் மங்களேஸ்வரி, கணினிக்காக.

சிரித்து முடிப்பதற்குள்
ஆலைப் புகைபோக்கிக்குப் பின்னால் மின்னியது.
எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு,
மூன்றுக்குள் இடி.

நீலம் எங்கே, பச்சை எங்கே என்று பார்க்கவில்லை.
எல்லா பிளக்கையும் பிடுங்கினேன்.